இரண்டு தராசுகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர்க்கு நன்கு பழகிய உவமை ஒன்றுண்டு. தமிழரும் முஸ்லிம்களும் இங்கே எவ்வாறு வாழ்கின்றனர் என்று வெளியூரார் வினவினால், "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று நம்மவர் விடையிறுப்பர். குழலுக்குள்ளே ஒரு பிடி மா, அதன்மேல் ஒரு பிடி தேங்காய்ப்பூ, மீண்டும் ஒரு பிடி மா. எங்கள் ஊர்களும் அவ்வாறே அடுக்கப்பட்டுள்ளன. காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி. ஏறாவூரை அடுத்துச் செங்கலடி. ஒன்றை விலக்கினால் மற்றையது உதிர்ந்து போகும் என்பதே அவ்வுவமையின் உட்கருத்து.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த உவமையின் ஒரு பாதி எங்கள் அடுக்களைகளிலிருந்து காணாமற் போயிற்று. ஒரு தேங்காயின் சில்லறை விலை 200 ரூபாவைக் கடந்தது. அந்நாட்களில் ஒருநாள் இடைவேளையின்போது, படுவான்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் உணவுப் பொதியை மூடி மூடித் திறந்து உண்பதைக் கண்டேன். உள்ளே இருந்தது வெறும் மாப் பிட்டு. கேளாமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். "அரைவாசித் தேங்காய்தான் வாங்கின சேர். அது சொதிக்கு வேணுமெண்டு அம்மா சொன்னா" என்றாள். அவளுடைய தந்தை தென்னை ஏறிப் பிழைப்பவர். பிறர் தோட்டத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான காய்களை வெட்டி இறக்குபவரின் வீட்டில் அரைவாசித் தேங்காயை இரண்டு வேளைக்குப் பங்கிட வேண்டியதாயிற்று.

அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் இதுபற்றிப் பேச்செழுந்தது. நண்பர் ஒருவர், "அயலூர் வியாபாரிகள் பதுக்குகிறார்கள்" என்றார். அயலூர் என்பதற்கு அவர் என்ன பொருள் கொண்டார் என்பது எல்லோர்க்கும் விளங்கிற்று. அங்கிருந்த மற்றொருவர், "தோட்டங்களை வைத்திருப்பவர்கள் யார்? அவர்களல்லவா விலையை ஏற்றுகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டார். அதன் பொருளும் எல்லோர்க்கும் விளங்கிற்று. படித்தவர் கூடிய அறையில் பத்தே நிமிடத்தில் ஒரு தேங்காய் இரண்டு சமூகங்களின் வழக்காகிவிட்டது. முப்பது ஆண்டுக் குருதியைக் கண்ட மண்ணில் இத்தகைய பேச்சை வெறும் வாய்ப்பேச்சென்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. ஆதலாலேயே இக்கட்டுரை.

இவ்விலையின் காரணத்தைக் காத்தான்குடிக் கடையிலோ களுவாஞ்சிகுடித் தோட்டத்திலோ தேடுவது வீண். அதன் காரணம் மரத்தின் இயல்பிலும், அரசாங்கங்களின் மறதியிலும், நமது துறைமுகத்தில் தொங்கும் இரண்டு தராசுகளிலும் உள்ளது.

முதலில் மரத்தின் இயல்பைக் காண்போம். நெல்லை விதைத்தவன் நான்கு மாதத்தில் தன் தவறை அறிவான். தென்னையோ தனக்கிழைத்த தீங்கை ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்திருந்து பின்னரே வெளிப்படுத்தும். பாளையின் கரு, குருத்தினுள்ளே தோன்றியதிலிருந்து அப்பாளை வெளியே வந்து விரிவதற்கு இரண்டரை ஆண்டுக்கு மேலாகின்றது. விரிந்த பாளையின் குரும்பை முற்றிய தேங்காயாவதற்கு மேலும் ஏறத்தாழ ஓராண்டு. ஆகவே இன்று நாம் உடைக்கும் தேங்காய் மூன்றரை ஆண்டுக்கு முன்னர் உருக்கொண்டது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தடை நீங்கியது. ஆனால் 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது உரத்தின் விலை சிறு தோட்டக்காரனின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. அன்று உண்ணாத மரம், 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலும் தன் கணக்கைத் தீர்த்தது. வறட்சியும், ஓலையில் வெண்படலமாய்ப் படியும் வெண்ஈயும், குரங்கும் அதற்குத் துணை போயின. 2025 மார்ச் 15ஆம் நாள் காலை ஐந்து நிமிடங்கள் நாடெங்கும் மக்கள் தத்தம் காணியில் நின்று குரங்குகளை எண்ணுமாறு பணிக்கப்பட்டனர். குரங்கை எண்ணியது நன்று. நான்கு ஆண்டுக்கு முன்னர் இட மறந்த உரத்தின் மூடைகளை எண்ணியவர் யார்?

நமது ஆட்சியாளர் தேங்காய்ப் பற்றாக்குறையை எதிர்கொண்ட விதத்தை அறிய 2020ஆம் ஆண்டின் செப்டெம்பர் மாதத்தை நினைவுகூர்தல் போதும். அம்மாதத்தில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் தென்னைமரத்தில் ஏறி, மரத்திலிருந்தபடியே பத்திரிகையாளர்க்கு விளக்கமளித்தார். அதே மாதத்தில் வெளியான வர்த்தமானி, தேங்காயின் உச்ச விலையை அதன் சுற்றளவினால் நிர்ணயித்தது. 13 அங்குலத்துக்கு மேற்பட்டது 70 ரூபா, 12க்கும் 13க்கும் இடைப்பட்டது 65 ரூபா, 12க்குக் குறைந்தது 60 ரூபா. தையற்காரனின் அளவுநாடாவைக் கொண்டு தேங்காய் வியாபாரம் செய்யும் நிலை வந்தது. நாடா இல்லாத கிழவி கேட்ட விலையைக் கொடுத்தாள். சட்டம் தாளில் இருந்தது. விலை சந்தையில் இருந்தது.

பின்னர் 2025இன் தொடக்கத்தில், தொழிற்சாலைகளின் தேவைக்காகத் தேங்காய்ப் பருப்பு, உலர்ந்த தேங்காய், தேங்காய்ப்பால், பால்மா ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அமைச்சரவை இணங்கியது. நூறாண்டுக்கும் மேலாக உலர்ந்த தேங்காய்த்துருவலை உலகுக்கு அனுப்பி வந்த நாடு அதனைத் தானே தருவிக்கும் நிலையை அடைந்தது. சிலர் இதனைத் தேசிய அவமானம் என்றனர். சிலர் இதுவே சந்தையின் நியதி என்றனர். இரு சாராரும் முதன்மையான கேள்வியை விட்டுவிட்டனர்: வருவதை எவ்வாறு நிறுப்பது?

இங்கே சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவின் ஆய்வுகூடங்கள் இலங்கைத் தேங்காய்த்துருவலில் சல்மனெல்லா என்னும் கிருமியைக் கண்டன. கேக்கின் மேலும் இனிப்பின் மேலும் பச்சையாகவே தூவப்படும் பொருள் அது. நெருப்பைக் காணாமலே குழந்தையின் வாய்க்குச் செல்வது. அங்கே நோயுற்றோர் உண்டு என்ற செய்தி வந்ததும் கொழும்பு விழித்துக்கொண்டது. ஆலைகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், ஓடு நீக்கித் தோல் சீவிய பருப்பை வெந்நீரில் இட்டுக் கிருமியகற்ற வேண்டும் என்றும், கப்பலேறுமுன் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் விதிகள் பிறந்தன. குருணாகல், புத்தளம், கம்பகா மாவட்டங்களின் ஆலைகளில் சிறு கத்தி கொண்டு பருப்பின் கபிலத் தோலைச் சீவும் பெண்களும் அன்று முதல் தூய்மை விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டனர். பின்னாளில் சர்வதேச உணவு நியமங்களும் வந்தன. அவற்றின்படி உலர்ந்த துருவலில் ஈரம் குறித்த எல்லையைத் தாண்டலாகாது. முழுத் துருவலாயின் எண்ணெய் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையலாகாது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம். பூஞ்சணம் வந்தால் நஞ்சு.

இவ்விதிகளை நான் குறைகூறவில்லை, போற்றுகின்றேன். அந்நிய நாட்டுக் குழந்தையின் வயிறு நம் சட்டத்தினால் காக்கப்படுவது நமக்குப் பெருமையே. என் கேள்வி வேறு. அந்தத் தராசில் நமது குழந்தையின் வயிறு ஏன் நிறுக்கப்படவில்லை?

2021 மார்ச் மாதத்தை எவரும் மறந்திருக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பலகாரம் சுட வீடுகள் ஆயத்தமாகிய வேளையில், இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃபிளாடொக்சின் கண்டறியப்பட்டதென்ற செய்தி பரவியது. சரியாக உலராத கொப்பறாவில் வளரும் பூஞ்சணம் உமிழும் நஞ்சு அது. நெடுங்காலம் உடலிற் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை விளைப்பது. 1960இல் இங்கிலாந்தில் நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்ட வான்கோழிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் மடிந்தபோதே விஞ்ஞானிகள் இதனை அடையாளம் கண்டனர். அடுப்பின் சூட்டுக்கு இது எளிதில் அழிவதில்லை. ஆகவே "பொரித்தால் போய்விடும்" என்னும் ஆறுதலும் இங்கே செல்லாது. அந்த எண்ணெயைத் திருப்பி அனுப்புமாறு ஆணை பிறந்தது உண்மை. ஆனால் சோதனையின் முடிவு வந்தபோது சரக்கு துறைமுகத்தைக் கடந்து இறக்குமதியாளரின் களஞ்சியங்களை அடைந்திருந்தது என்பதும் உண்மை. வெளியே போகும் சரக்கு சோதனைக்காகக் காத்து நிற்கிறது. உள்ளே வரும் சரக்குக்காகச் சோதனை பின்னால் ஓடுகிறது. இதையே இரண்டு தராசுகள் என்றேன்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் கூறலாம். மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் தேங்காய்த்தூள் பொதியொன்றை வாங்கினேன். எந்த நாட்டுத் தேங்காய், எப்போது அடைக்கப்பட்டது, யார் அடைத்தார் என்று எதுவும் அதில் இல்லை. முறையிடச் சென்ற அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டியது. அந்த அலுவலகம், "கொழும்புக்கு எழுதுங்கள்" என்றது. எழுதினேன். விடை வருமுன் பொதி கெட்டுவிட்டது. ஆசிரியனான எனக்கே இக்கதியாயின், எழுத்தறியாத தாய் எங்கே முறையிடுவாள்?

இறக்குமதியே கூடாது என்போர் வாதத்தை இப்போது நோக்குவோம். அந்நியத் தேங்காயோடு அந்நிய நோய்களும் வரும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் நியாயமானது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் "கடாங்-கடாங்" என்னும் நோய் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்றது. முளைவிடக்கூடிய முழுத் தேங்காயை உள்ளே விடாமல் தடுக்கும் தாவரப் பாதுகாப்பு விதிகள் தளரவே கூடாது. ஆனால் வெப்பத்தில் உலர்த்திய துருவல் முளைப்பதில்லை. அதன் ஆபத்து மரத்துக்கன்று, மனிதனுக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அறிவியல் ஆகாது. மேலும், "தோட்டக்காரரைக் காக்க இறக்குமதியைத் தடு" என்னும் முழக்கத்தில் எந்தத் தோட்டக்காரர் பேசுகிறார்? நூறு ஏக்கர் உடையவர் 200 ரூபா விலையில் மகிழ்ந்திருக்கலாம். பத்து மரம் உடைய வாவிக்கரைக் குடும்பம் காய் விழாத மாதத்தில் தானும் கடைக்கே செல்கிறது. மரமேறியின் மகள் வெறும் மாப் பிட்டு உண்கிறாள். இந்நாட்டில் விளையும் தேங்காயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீட்டு அடுக்களைக்கே செல்கிறது. ஆலையின் பசிக்கு வெளிநாட்டுத் துருவல் வந்தால் அடுக்களைக்குச் சில காய் மிஞ்சும் என்னும் கணக்கை முற்றாகப் பொய்யென்று தள்ளிவிட இயலாது.

கதவை அகலத் திறந்துவிடுங்கள் என்போர் வாதம் இதனினும் ஆபத்தானது. ஒரு தொன் உலர்ந்த துருவலுக்கு ஏறத்தாழ 8,000 தேங்காய் வேண்டும். பத்துக் கோடித் தேங்காய்க்கு ஈடான துருவல் இறங்கினால் அது 12,500 தொன். அது எப்போது இறங்குகிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியுள்ளது. நமது தென்னை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. நவம்பர் முதல் பெப்ரவரி வரை காய் குறையும். மே, யூன் மாதங்களில் பெருகும். மார்கழியில் எழுந்த கூக்குரலுக்குப் பங்குனியில் அனுமதி வழங்கி, வைகாசியில் கப்பல் வந்து சேர்ந்தால், அச்சரக்கு பஞ்சத்தைத் தீர்க்காது, அறுவடையைக் கொல்லும். விலை ஏறிய மாதங்களில் சிறு தோட்டக்காரனிடம் விற்கக் காயில்லை. காய் உள்ள மாதங்களில் அவனுக்கு விலையில்லை. விலையின் ஏற்றத்தை நுகர்வோரும் இறக்கத்தை விளைவிப்போனும் சுமக்க, இடையில் உள்ளவன் இரு பருவத்திலும் ஆதாயம் பெறுவான். அந்த இடையிலுள்ளவனுக்குச் சமயமில்லை, மொழியில்லை. ஆசிரியர் அறையில் நம் நண்பர்கள் அவனுக்கு ஒரு சமயத்தைக் கொடுத்தனர் என்பதே வேதனை.

எங்கள் கரையின் வரலாற்றையும் ஆட்சியாளர் சற்று எண்ண வேண்டும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி, மட்டக்களப்பு மாவட்டத்தின் சுமார் 28,000 ஏக்கர் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கை ஓரிரவில் வீழ்த்தியது. மீண்டும் நட்டவை காய்க்கத் தொடங்கிய காலத்தில் யுத்தம் வந்தது. வேலி போனது, காவல் போனது, பல இடங்களில் காணிக்காரனும் போனான். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் கரையோரத் தோப்புகளுக்குள் புகுந்தது. இத்தனைக்கும் பின்னர் எஞ்சி நிற்கும் மரங்களின் காய்கள் லொறியேறி மேற்கே செல்வதைக் காண்கிறோம்; அவை பொதியாகி, பாலாகி, தூளாகி, விலை கூடி எங்கள் கடைகளுக்கே திரும்புகின்றன. சிரட்டையும் பொச்சும் தரும் வேலைவாய்ப்பும் லொறியோடு போய்விடுகிறது. குருணாகலுக்கும் புத்தளத்துக்கும் பழைய தெங்கு முக்கோணம் உண்டு. 2025 செப்டெம்பரில் வடக்கிலும் ஒரு தெங்கு முக்கோணம் தொடக்கிவைக்கப்பட்டது. வடக்கின் வறண்ட மண்ணுக்கு அது வேண்டியதே, வாழ்த்துகிறோம். ஆனால் இவ்விரு முக்கோணங்களிலும் மட்டக்களப்பு ஒரு மூலையாகக்கூட இடம்பெறவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது யாது? தடையும் அன்று, திறந்த கதவும் அன்று, ஒரே தராசு.

முதலாவது, வெளியே செல்லும் துருவலுக்கு என்ன சோதனையோ, உள்ளே வரும் துருவலுக்கும் பருப்புக்கும் பாலுக்கும் அதே சோதனை வேண்டும். ஈரம், சல்மனெல்லா, அஃபிளாடொக்சின் ஆகிய மூன்றின் முடிவும் கைக்கு வருமுன் ஒரு மூடையும் துறைமுகத்தை விட்டு நகரலாகாது. முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் காண வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது, இறக்குமதி அனுமதி அளவாலும் பருவத்தாலும் கட்டுப்பட வேண்டும். காய் குறைந்த மாதங்களுக்கென்று முன்கூட்டியே தீர்மானித்து, சித்திரைக்குள் கதவை மூடிவிட வேண்டும். லுணுவிலவில் 1929 முதல் இயங்கும் தெங்கு ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வரும் ஆண்டின் விளைச்சலை முன்னறிந்து கூற வல்லோர் அங்கே உளர். அவர்கள் சொல்லும் எண்ணைக் கேட்டு ஆணையிடுவதே ஆட்சி. விலை ஏறியபின் மரத்தில் ஏறுவது ஆட்சியாகாது.

மூன்றாவது, எந்த நாட்டில் விளைந்தது, எப்போது அடைக்கப்பட்டது என்பது ஒவ்வொரு பொதியிலும் நாம் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். அந்நியப் பருப்பை இங்கே அரைத்து "இலங்கைத் தேங்காய்" என்னும் பெயரில் மறுபடி கப்பலேற்றுவோர் உண்டாயின், நூறாண்டில் தேடிய நற்பெயர் ஓராண்டில் அழியும்.

நான்காவது, இறக்குமதியால் திரளும் வரிப்பணம் தென்னைக்கே திரும்ப வேண்டும். கன்றாக, உரமாக, கிழக்கில் கூட்டுறவு முறையிலான சிறிய உலர்த்தும் ஆலையாகத் திரும்ப வேண்டும். சோதனை என்றவுடன் சிறு உற்பத்தியாளர் அஞ்சுகின்றனர். வீட்டில் தூள் செய்து விற்கும் பெண், மாதிரியைச் சுமந்துகொண்டு கொழும்புக்குப் போக முடியாது; அவ்விதி அவளைக் காக்காது, பெருமுதலாளிக்கு வழிவிட்டு அவளை நசுக்கும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அங்கே விவசாய பீடம் இருக்கின்றது. அரசாங்கம் ஏற்கும் சோதனைகூடமொன்றை அங்கே அமைத்து, சிறியோர்க்குக் கட்டணமின்றிச் சோதித்தளிப்பது பெருஞ்செலவன்று.

இவை கற்பனைக் கோரிக்கைகள் அல்ல. அந்நிய நாட்டார் கேட்டபோது இவற்றுட் பலவற்றைக் கொழும்பு விரைந்து செய்தது. நாம் கேட்கும்போதும் செய்ய முடியும். நாம் ஒருங்கே கேட்கவில்லை என்பதே குறை. காத்தான்குடியின் சில்லறை வியாபாரியும், களுவாஞ்சிகுடியின் தோட்டக்காரரும், படுவான்கரையின் மரமேறியும், தும்பு திரிக்கும் பெண்ணும் ஒரே மனுவில் ஒப்பமிடலாம். அவர்களின் நலன்கள் இவ்விடத்தில் மோதவில்லை. ஒருவரையொருவர் கள்வரென்று காட்டிக்கொண்டிருக்கும் வரை துறைமுகத்தின் இரண்டு தராசுகளும் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த மாணவிக்கு அன்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. சில நாட்களின் பின்னர், அருகிருந்த முஸ்லிம் மாணவி தன் பொதியிலிருந்த தேங்காய்ச் சம்பலில் பாதியை அவளுடைய தாளில் வைப்பதைக் கண்டேன். ஆசிரியர் அறையில் நாங்கள் எழுப்பிய வழக்கைப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் அறியாமலே இருக்கட்டும். ஆனால் பிள்ளைகளின் பங்கீட்டை நம்பி ஒரு நாட்டின் உணவுச் சட்டம் உறங்கலாகாது.